அண்ணாச்சி வெட்டின கெடா

எப்போதும்வென்றான் ஊருக்குப் பக்கத்துல ஆடு மேய்க்குதேன். எங்கூர்ல பாதிப்பேருக்குக் குலசாமி பேருதான். நானும் மாடசாமி, அடுத்த தெரு அண்ணாச்சியும் மாடசாமி.

நகைக்கடன் முடிஞ்சிட்டுன்னு அவிய போனுக்கு மெசேஜ் வந்திருக்கு. அரசாங்கம் தள்ளுபடி பண்ணிட்டுன்னு கெடா வெட்டினாவ. நானும் வயிறுமுட்டத் தின்னுட்டு, "அடுத்த தள்ளுபடி எப்ப அண்ணாச்சி?"ன்னு கேலி பண்ணினேன்.

மறுநாள் பேங்க்ல இருந்து எனக்குப் போன். கடன் கட்டலையாம், தங்கச்சி கல்யாணத்துக்குன்னு நான் அங்க அடகு வச்சிருந்த செயின் ஏலத்துக்குப் போவுதாம். ஆடு வித்து முழுசாக் கட்டிட்டேனே! நகை எடுத்துக் குடுக்குற ஆளு லீவுன்னுதான வெறுங்கையோட வந்தேன்! பணம் கட்டின சீட்டோட ஓடினேன். பாத்தா, என் பணம் அண்ணாச்சி கடன்ல ஏறிக் கெடக்கு.

"ஏலே, அப்ப நான் சும்மாவா கெடா வெட்டினேன்?"ன்னு அண்ணாச்சி தலையில கைய வச்சிட்டாவ.

மேனேஜரம்மா கணக்கை மாத்திப் போட்டு, செயினைக் கையில குடுத்தப்புறந்தான் மூச்சே வந்துச்சு. இப்பல்லாம் கடன் நம்பரச் சத்தமா வாசிக்கச் சொல்லிக் கேட்டுட்டுத்தான் பணத்த நீட்டுதேன். எவராச்சும் கெடா வெட்டினா, எதுக்குன்னு வெசாரிச்சிட்டுத்தான் எலையில உக்காருதேன்.