முக்கால் மணித்தியாலம்

எனக்கு எழுபத்திரண்டு வயது. பெற்றது நாலு பிள்ளைகள், வளர்த்தது ஐந்து. அந்த ஐந்தாவது என்னுடைய தம்பி. அம்மா போகும்போது அவனுக்கு ஆறு வயது, எனக்குப் பதினெட்டு. அவனுக்குச் சோறு தீத்தியதும் நான், அடித்ததும் நான், பிறகு ஜெர்மனிக்குக் கூப்பிட்டு எடுத்ததும் நான். பெருமைக்காகச் சொல்லவில்லை என்று எழுதத்தான் பேனையை எடுத்தேன். ஆனால் பெருமைதான். அந்தப் பெருமை செய்த வேலையைத்தான் இப்போது எழுதப்போகிறேன்.

எங்கள் வீட்டுச் சாமித் தட்டில், திருநீற்றுச் சிமிழுக்குப் பக்கத்தில் ஒரு பிளாஸ்டிக் அட்டை இருக்கிறது. அதில் தம்பியின் முகம், மீசை நல்ல கறுப்பு. லொறி ஓடுகிறவர்களுக்கு இங்கே அரசாங்கம் கொடுக்கிற அட்டை அது. வண்டியில் ஏறியதும் அதை ஒரு சின்னப் பெட்டிக்குள் தள்ளவேண்டும். சக்கரம் எப்போது உருண்டது, எப்போது நின்றது என்று எல்லாவற்றையும் அந்தப் பெட்டி எழுதி வைத்துக்கொள்ளும். நாலரை மணித்தியாலம் ஓடினால் முக்கால் மணித்தியாலம் ஆறவேண்டும். ஆறாவிட்டால் அதையும் எழுதும். அட்டையின் காலம் முடிந்து எத்தனையோ வருசம் ஆகிவிட்டது. நான்தான் எறியாமல் வைத்திருக்கிறேன்.

என்னுடைய மனுசனும் தம்பியும் டோர்ட்மண்டில் ஒரே கொம்பனியில்தான் லொறி ஓடினார்கள். முதலில் ஓடின நேரத்தை வட்டமான ஒரு கடதாசித் தட்டில் ஊசி கீறிக்கொண்டு போகுமாம். புது வண்டிகளுக்கு இந்தப் பெட்டி கட்டாயம் என்று வந்த பிறகு எங்கள் குசினி மேசையில் ஞாயிற்றுக்கிழமை தவறாமல் சண்டை. இவருக்குப் பெட்டியைக் கண்ணில் காட்டக்கூடாது. இருபது வருசமாக ஓடுகிறவனுக்கு எப்போது நித்திரை வரும் என்று ஒரு தகரம் சொல்லித்தருகிறதோ என்பார். வீட்டுக்குப் பத்து நிமிசம் இருக்கும்போது வண்டியை நிற்பாட்டிவிட்டு வானத்தைப் பார்த்துக்கொண்டு இருக்கிறதெல்லாம் ஒரு பிழைப்போ என்பார். தம்பி இறைச்சித் துண்டைப் பொறுக்கிக்கொண்டு ஆறுதலாகத்தான் பதில் சொல்வான். முதலாளி போன் எடுத்து இன்னும் ஒரு மணித்தியாலம் ஓடு என்றால் முந்தி மறுக்க வழி இல்லை. இப்போது பெட்டி விடாது என்று ஒரு சொல்லோடு முடிந்தது என்பான். "அத்தான், அது எனக்குக் காவல்காரன் இல்லை. என்ர சாட்சி."

"அப்ப உன்ர சாட்சிக்கு ஒரு பூமாலையும் போடு" என்பார் இவர்.

"போடலாம் அத்தான். ஐயரிட்டை டெர்மின் எடுத்து நாள் குறிக்கத்தான் கஷ்டம்."

நான் இவர் பக்கம்தான் நின்று சிரிப்பேன். பெட்டிக்குப் பயந்தவன் என்று அவனை நக்கலடிப்பேன். ஆனால் கொம்பனியில் முதலாளியின் முகத்தைப் பார்த்து ஏலாது என்று சொல்லக்கூடிய ஒரே ஆள் அவன்தான். அவன் சொன்ன பிறகுதான் போலந்துக்காரரும் மற்றவர்களும் அவன் பின்னால் நின்று ஏலாது என்று சொல்லுவார்கள். அதன் பெறுமதி எனக்கு அப்போது விளங்கவில்லை.

கடைசி மகள் பெரியபிள்ளையாகி, அவளுடைய சாமத்திய வீடு ஒரு சனிக்கிழமை. தொழிற்சாலைகள் இருக்கிற பக்கமாக மண்டபம் எடுத்திருந்தோம். தாய்மாமன் பால் அறுகு வைத்துத் தண்ணி வார்க்கவேண்டும். எனக்கு இருக்கிறது ஒரே தம்பி. விடியவே வேலை முடித்து வந்துவிடுவேன் என்று சொன்னவன் ஒட்டோபான் பெருந்தெருவில் விபத்து நெரிசலில் மாட்டிக்கொண்டான். மண்டபத்தில் ஆட்கள் வந்து நிறைந்துவிட்டார்கள். நல்ல நேரம் முடிய இன்னும் ஒன்றேகால் மணித்தியாலம் இருக்கும்போது போன் வந்தது. பீலஃபெல்ட் தாண்டி ஒரு தரிப்பிடத்தில் நிற்கிறானாம். ஓடினால் ஒரு மணித்தியாலம்தான், ஆனால் நாலரை மணித்தியாலம் முடிந்துவிட்டது, நின்றுதான் எடுக்கவேண்டும். கார் அனுப்பினாலும் போய் வருவதற்குள் நேரம் போய்விடும்.

"அக்கா, முக்கால் மணித்தியாலம் பொறுங்கோ. வந்திடுவன்."

நான் ஐயரைப் பார்த்தேன். அவர் நல்ல மனுசன். மத்தியானம் பன்னிரண்டரைக்கும் ஒரு நல்ல நேரம் இருக்கிறது, ஆறுதலாகச் செய்வோம் அம்மா என்றார். அந்த நேரம் பார்த்து என்னுடைய மச்சாள், இவருடைய தங்கச்சி, பக்கத்தில் இருந்தவளிடம் மெதுவாக, எனக்குக் கேட்கிற மாதிரி, தமக்கை வளர்த்த பிள்ளையெல்லோ, லொறிதான் பெரிசாய்ப் போச்சு என்றாள். அவ்வளவுதான். எனக்குக் காது அடைத்துவிட்டது. ஐயர் சொன்னதை நான் கேட்காத மாதிரி விட்டேன்.

"பெட்டியோ உனக்குப் பெரிசு, நானோ பெரிசு?" என்று போனில் கேட்டேன்.

வண்டிகள் இரைந்துகொண்டு போகிற சத்தத்துக்குள் "அப்பிடி இல்லை அக்கா" என்றான். நான் விடவில்லை. அட்டையை இழுத்துப்போட்டு ஓடுகிறவர்களைப் பற்றி இவர் ஒருநாள் மேசையில் சொன்ன கதை ஞாபகத்துக்கு வந்தது. "அட்டையை வெளியில எடுத்துப்போட்டு வா. ஆர் ஓடினதெண்டு ஆருக்குத் தெரியப்போகுது?"

"சரி அக்கா. வாறன்."

வந்தான். மண்டபத்து வாசலில் லொறியை விட்டு, வேலைச் சட்டையோடு இறங்கி, கழுவுகிற இடத்தில் வேட்டி மாற்றிக்கொண்டு வந்து தண்ணி வார்த்தான். நான் மச்சாளைத்தான் பார்த்துக்கொண்டு நின்றேன்.

அட்டை இல்லாவிட்டாலும் பெட்டி எழுதும் என்று எனக்குத் தெரியாது. ஆள் இல்லாமல் சக்கரம் உருண்டது என்று எழுதிவைத்திருந்தது. அடுத்த மாதம் கொம்பனியில் அதை வாசித்தபோது முதலாளி தம்பியைக் கூப்பிட்டுக் கதவைச் சாத்தினாராம். ஏசவில்லையாம். கோப்பி ஊற்றிக் கொடுத்தாராம். தம்பிக்குப் பொய் சொல்லத் தெரியாது, அக்கா வீட்டு விசேசம் என்று சொல்லியிருக்கிறான். யோசிக்காதே, லொறி திருத்துகிற இடத்தில் ஓட்டிப் பார்த்ததாக எழுதிவிடுகிறேன் என்றாராம். அடுத்த வெள்ளிக்கிழமையே போன் வந்தது, இன்னும் ஒரு மணித்தியாலம் ஓடு என்று. பெட்டி விடாது என்று இவன் சொல்ல, அக்காவுக்கு விட்டது எனக்கு விடாதோ என்று முதலாளி சிரித்தாராம்.

அதோடு அவனுடைய வாய் போய்விட்டது. அட்டையை எடுத்துப்போட்டு அவன் ஓடினான். அவன் பின்னால் நின்றவர்களும் ஓடினார்கள். ஞாயிற்றுக்கிழமைகளில் மேசையில் சண்டையும் இல்லை. இவர் பெட்டியைத் திட்டினால்கூட அவன் குனிந்து சாப்பிட்டுக்கொண்டு இருப்பான். ஆள் அடங்கிவிட்டான், நல்லது என்று நான் நினைத்தேன். வளர்த்தவளுக்கு அவ்வளவுதான் தெரிந்தது.

இரண்டு வருசத்துக்குப் பிறகு ஒரு பட்டப்பகலில் ஓடிக்கொண்டே கண் அயர்ந்துவிட்டான். றோட்டுக் கரை வெள்ளைக் கோட்டில் சில்லு ஏறி அதிர்ந்ததில் முழித்திருக்கிறான். ஒருவருக்கும் ஒன்றும் ஆகவில்லை. அடுத்த தரிப்பிடத்தில் லொறியை விட்டு, வந்து எடுங்கோ என்று கொம்பனிக்குச் சொல்லிவிட்டு, ரெயினில் நேரே எங்கள் வீட்டுக்கு வந்தான். குசினியில் இருந்து தேத்தண்ணி குடித்தான். பிறகு அட்டையை மேசையில் வைத்தான்.

"அக்கா, இனி இதை நீங்களே வைச்சிருங்கோ."

பத்திரத்துக்குத் தருகிறான் என்று நினைத்து, கையைக் கழுவிவிட்டு எடுத்துச் சாமித் தட்டில் வைத்தேன். அவன் போன பிறகுதான் இவர் எனக்கு எல்லாம் சொன்னார். கொம்பனியில் மற்றவர்கள் சொல்லித்தான் இவருக்கே தெரியும். பெட்டியை அவ்வளவு திட்டின மனுசன் அன்றைக்கு என்னைப் பார்த்துச் சொன்ன சொல் இன்னும் சுடுகிறது. "நான் பெட்டியைத்தான் திட்டினனான். அட்டையை இழுத்துப்போட்டு ஓடு எண்டு என்ர எதிரிக்கும் சொல்லமாட்டன்."

தம்பி ஹனோவரில் ஒரு ஆஸ்பத்திரிச் சமையலறையில் வேலைக்குச் சேர்ந்தான். பிறகு லொறியில் ஏறவேயில்லை. இவர் போய் நாலு வருசமாகிறது. தம்பி ஞாயிறு தவறாமல் போன் எடுக்கிறான். சாப்பிட்டீங்களோ, கால் நோ எப்படி என்று கேட்கிறான். இத்தனை வருசத்தில் ஒரு சொல் குத்திச் சொன்னதில்லை. நானும் ஒவ்வொரு கிழமையும் இன்றைக்குச் சொல்லிவிடவேண்டும் என்று போனைக் காதில் வைப்பேன். வாய் வராது. கத்தரிக்காய்க் குழம்பைப் பற்றிக் கதைத்துவிட்டு வைத்துவிடுவேன். வளர்த்த பிள்ளையிடம் பிழை என்று சொல்ல எனக்கு யாரும் பழக்கவில்லை. ஐந்தாம் வகுப்போடு நின்றவள் கொப்பியும் பேனையுமாக இருப்பது அதனால்தான்.

அவன் கேட்டது முக்கால் மணித்தியாலம். ஐயரிடம் அதைவிடக் கூட நேரம் இருந்தது. வந்த சனம் சோடா குடித்துக்கொண்டு இருந்திருக்கும். என்னிடம்தான் இல்லாமல் போனது.

அட்டையைச் சாமித் தட்டில் இருந்து எடுத்து மேசையில் வைத்திருக்கிறேன். இன்றைக்கு ஞாயிற்றுக்கிழமை. பேத்தி தமிழ்ப் பள்ளிக்கூடம் போகிறவள், எழுத்துக் கூட்டி வாசிப்பாள். பிள்ளை, இஞ்சை வா, அப்பம்மா எழுதினதைத் திருப்பி வாசி. பிழை கிடந்தால் பிறகு திருத்துவம். முதல் ஹனோவர்த் தாத்தாவுக்குப் போனைப் போட்டு, அவர் எடுத்த பிறகு, தொடக்கத்தில இருந்து வாசி.