இரண்டு கேன் அருவித் தண்ணீர்

கல்லூரியைப் பாதியில் விட்டுவிட்டுத் தென்காசிக்குத் திரும்பிய என் மகள், மூன்று மாதம் யாரிடமும் பேசவில்லை. பிறகு கூடத்தில் கண்ணாடித் தொட்டி வைத்து, மண் பரப்பிச் செடிகள் நட்டு, தண்ணீர் நிரப்பினாள். தண்ணீர் பக்குவப்பட ஒரு மாதம் காத்திருந்து ஆறு மீன்களை விட்டாள்.

"யம்மா, இங்கன வந்து பாரு, புது இலை விடுது" என்று அவளாகவே கூப்பிட்ட அன்று, அடுப்படிக்குள் போய் அழுதேன்.

அடுத்த வாரம் தண்ணீர் லேசாகக் கலங்கியது.

"தன்னால தெளியும். நீ ஒண்ணும் ஊத்திராத" என்றாள்.

எனக்குத்தான் பொறுக்கவில்லை. அவள் வெளியே போயிருந்த ஒரு காலையில் குற்றாலம் போனேன். சீசன் கூட்டத்துக்குள் நுழைய முடியாமல், கீழே வழிந்தோடும் இடத்தில் இரண்டு கேன் பிடித்துவந்து, பாதித் தண்ணீரை மாற்றினேன். மூலிகைத் தண்ணீர், மீனுக்கும் நல்லது என்று நினைத்தேன். மேலே அத்தனை பேர் எண்ணெயும் ஷாம்புவும் தேய்த்துக் குளித்தது எனக்கு உறைக்கவே இல்லை.

மாலைக்குள் ஆறும் மிதந்தன.

"ஏட்டி, குத்தாலத் தண்ணி நல்லதுன்னுதான் ஊத்தினேன்."

"நீ எப்பவும் நல்லதுக்குத்தாம்மா செய்யுத. அந்தக் காலேஜ்ல சேத்ததும் நல்லதுக்குத்தான்."

கோபமே இல்லாமல் சொல்லிவிட்டு அறைக்குள் போய்விட்டாள். கதவைத் தட்டத் தூக்கிய கையை இறக்கிக்கொள்ளப் பழகுகிறேன். இன்னும் சரியாக வரவில்லை.