ஆளைத் தேடிவரும் அலை

ஐம்பது அடி நடப்பார், நிற்பார், இரண்டு கைகளிலும் இருக்கிற செல்போன்களில் ஓடும் எண்களை உற்றுப் பார்ப்பார், மறுபடி ஐம்பது அடி. விக்கிரமசிங்கபுரத்தில் மில் ஷிப்ட் முடிந்து சைக்கிள்களும் பைக்குகளும் ரோட்டை அடைக்கிற நேரத்தில்தான் மகாராஜன் இப்படி நடப்பார். அத்தனை போன் கூட்டத்திலும் இன்டர்நெட் வேகம் குறையக் கூடாது, அதுதான் கணக்கு. மூன்று பேர் மோதி, நாலு பேர் ஏசிவிட்டுப் போனாலும் மனிதர் எண்ணைவிட்டுக் கண்ணை எடுக்க மாட்டார்.

செல்போன் டவர்களின் வீச்சை அளந்து சொல்வது அவர் வேலை. இப்போது டவர்களில் மாட்டிவருகிற புது ஆன்டெனாவைப் பற்றி டீக்கடையில் யாராவது வாய் தவறிக் கேட்டுவிட்டால் போச்சு. "பழசு தெருவிளக்கு மாதிரி வே. ஆளு நின்னாலும் இல்லாட்டாலும் சும்மா எரியும். இது டார்ச்சு. நீரு எங்கன நிக்கீரோ அங்கன பாத்து அடிக்கும். நடந்தீர்னா பையப் பின்னாலயே வரும்." சொல்லும்போது சொந்தப் பிள்ளையைப் பேசுகிற பெருமை முகத்தில் தெரியும்.

சொந்தப் பிள்ளை மணிராஜ் புனேயில் இருக்கிறான். மனைவி வடிவம்மாள் இருந்தவரை அவனோடு பேசுவது அவள் பொறுப்பு. அவள் போன பிறகு ஞாயிற்றுக்கிழமை வீடியோ கால் இரண்டு நிமிடத்தைத் தாண்டுவதில்லை. "லைன் சரியில்லப்பா, வைக்கேன்" என்பான். மகாராஜன் அதை அப்படியே நம்பினார். தன் தெருவில் வீச்சு குறைவு என்பது அவருக்குத் தெரியாதா என்ன? எட்டு மாதம் அதிகாரிகளின் உயிரை எடுத்து, பக்கத்து டவரில் அந்தப் புது ஆன்டெனாவை மாட்ட வைத்தார்.

போன ஞாயிறு சலவைச் சட்டை போட்டுக்கொண்டு உட்கார்ந்தார். மகன் முகம் அவ்வளவு தெளிவாக வந்தது. தாடியில் இரண்டு நரை இருப்பதை அன்றைக்குத்தான் பார்த்தார்.

"சாப்ட்டியாலே?"

"சாப்ட்டேம்பா."

"அங்கன மழையா?"

"ஆமா."

அதற்குமேல் பேச இரண்டு பேருக்கும் ஒன்றும் அகப்படவில்லை. மணிராஜின் அறையில் மின்விசிறி சுற்றுகிற சத்தம்கூடத் துல்லியமாகக் கேட்டது. இத்தனை நாள் குறுக்கே நின்றது டவர் இல்லை என்று மகாராஜனுக்கு உறைத்தது.

"லைன் விட்டு விட்டு வருதுப்பா..." என்று மகன் ஆரம்பித்தான்.

"ஆமாலே, எனக்கும் சரியாக் கேக்கல" என்று சொல்லி, அவனுக்கு முந்தி இவரே போனை வைத்தார்.