சேற்றுத் தீவின் படம்

அது டெலவேர் ஆறு என்று அன்று நான் சொல்லவில்லை. சென்ற செவ்வாய்க்கிழமை குணநாயகம் அண்ணை இறந்துவிட்டதைத் தொலைபேசியில் அறிவித்தவர், அடுத்த மூச்சிலேயே, "செத்தவீட்டுக்கு ஆர் ஆர் வருகினம் எண்டு தெரியுமோ?" என்று கேட்டார். அவரிடமும் சொல்லவில்லை. அண்ணையை அறிந்த உங்களுக்கு இப்போது எழுதுகிறேன்.

இங்கே பிரிட்டனில், டூட்டிங் தேவாலய மண்டபத்துப் பின்னறையில் சனிக்கிழமைகளில் நாம் நடத்திய நூலகத்துக்கு அவர்தான் பொறுப்பாளர். நான் புத்தகங்களுக்குப் பட்டியல் அட்டை எழுதினேன். அவர் ஊரில், யாழ்ப்பாணத்தில், நில அளவைத் திணைக்களத்தில் படம் வரைந்தவர். இங்கே ஸ்ட்ரெதமில் ஒரு பெட்ரோல் நிலையத்தில் ஷிப்ட். அரசாங்க உத்தியோகம் பார்த்தவர், தனியாள், எந்தக் கூட்டத்திலும் எந்தப் பக்கமும் பேசாதவர். அந்த நாட்களில் ஒருவரைச் சந்தேகிக்க இவை போதும். "ஆளை விளங்கேல்லை," என்பார்கள். எனக்கும் விளங்கவில்லை.

வேலையில்லாத நாட்களில் எங்கே போகிறீர்கள் என்று ஒருமுறை கேட்டேன். கியூ என்ற இடத்தில் உள்ள அரச ஆவணக் காப்பகத்துக்காம், ஒரு பழைய சண்டையைப் பற்றிப் படிக்க. பிரிட்டனிடமிருந்து பிரிய அமெரிக்கர்கள் போரிட்டபோது, டெலவேர் ஆற்றின் நடுவே சேற்றுத் தீவில் இருந்த ஒரு சிறு கோட்டை போர்க்கப்பல்களை வாரக்கணக்கில் மறித்ததாம். இரும்பு முனை வைத்த மரங்களை ஆற்றடியில் இறக்கியிருந்தார்கள். இடையே புகுந்து போகும் வழி சிலருக்குத்தான் தெரியும். "பெரிய சண்டையளை எல்லாரும் எழுதிப்போட்டினம், தங்கச்சி. இதைத் தமிழிலை ஆர் எழுதினது?"

எழுதி முடித்த இரண்டு அத்தியாயங்களை வாசிக்கத் தந்தார். கடைசியில் மிஞ்சியவர்கள் இருளில் படகேறிப் போகிறார்கள். கொடியை மட்டும் இறக்கவில்லை. "கொடி பறக்குது எண்டு உள்ளுக்கை ஆள் இருக்கெண்டு நினைக்கக்கூடாது," என்று சிரித்தார். நன்றாகவே எழுதியிருந்தார். ஆனாலும், யாழ்ப்பாணத்து மனிதனுக்கு இந்த ஆறு எதற்கு, இது வேறெதற்கோ போர்வையா என்று யோசித்தபடிதான் வீட்டுக்குப் போனேன்.

ஊரில், இராணுவம் இருந்த யாழ்ப்பாணக் கோட்டையை இயக்கப் பெடியள் முற்றுகையிட்டிருந்த கோடை அது. ஒரு சனிக்கிழமை, நகலெடுக்கும் இயந்திரத்துக்குள் ஒரு படத்தை மறந்துவிட்டு அவர் தேநீர் வாங்கப் போனார். கோட்டை, சேறு, ஆழம், வள்ளம் போகும் வழி, எல்லாம் தமிழில், அளவோடு. ஊர்ப்பெயர் ஒன்றும் இல்லை. பெயர்களைக் கடைசியில் எழுதுவது படம் வரைபவர்களின் வழக்கம். நூலகத் தலைவர் அதை மேசையில் விரித்தார்.

"இது எங்கடை கோட்டை எல்லோ?"

"ஆறு மாதிரிக் கிடக்கு," என்றார் செயலாளர்.

"யாழ்ப்பாணத்திலை எங்கையப்பா ஆறு? கடல்நீரேரி. இந்தா, கோட்டைக்கு முன்னாலை இருக்கிற மண்டைதீவு."

"அப்ப ஆருக்குக் கீறிக் குடுக்கிறார்? ஆமிக்கோ, பெடியளுக்கோ?"

"ஆருக்கெண்டாலும் கரைச்சல் எங்களுக்குத்தான்." தலைவர் என் பக்கம் திரும்பினார். "நீர்தானே அவரோடை கதைக்கிறனீர். உமக்கு ஏதும் தெரியுமோ?"

என் தம்பியின் அகதி வழக்கு அப்போது முடிவாகாமல் இருந்தது. அந்தப் படத்தோடு என் பெயர் சேர்ந்தால் அவன் பெயரும் சேரும். "தெரியாது," என்றேன். தம்பியைச் சாட்டுவது பாதி உண்மைதான். நானும் அந்தக் கோடுகளில் மண்டைதீவைத் தேடிக்கொண்டிருந்தேன்.

அண்ணை தேநீரோடு திரும்பி வந்தார். எல்லாருக்கும் வாங்கியிருந்தார்.

"இது எந்த இடம், குணநாயகம்?"

"அமெரிக்கா."

"ஓம் ஓம். அமெரிக்காவிலை தமிழிலைதானே எழுதிக் கிடக்கு," என்று செயலாளர் சொல்ல, இரண்டொருவர் சிரித்தார்கள்.

அவர் என்னைப் பார்த்தார். நான் அட்டைகளை அடுக்கினேன். அவர்கள் கேட்பதற்கு முன்பே நூலகப் பூட்டின் திறப்பைப் பையிலிருந்து எடுத்து மேசையில் வைத்தார். "வாறன்," என்றுவிட்டுப் போனார். தேநீர் ஆறிக்கொண்டிருந்தது.

படத்தை நான் எடுத்து வைத்துக்கொண்டேன். தம்பிக்கு இங்கே தங்க விசா கிடைத்த பிறகு, அதைக் கொண்டு கியூவுக்குப் போனேன். சந்தேகம் தீர்க்கத்தான் போனேன். டெலவேர் ஆற்றின் பழைய கடற்படைப் படத்தின் பக்கத்தில் வைத்துப் பார்த்தேன். ஒவ்வொரு வளைவும் சரியாக இருந்தது. பென்சிலால் 'டெலவேர்' என்று எழுதினேன். அவரிடமிருந்து எனக்கு மிஞ்சியது அந்தத் தாள். அதில் அந்த ஒரு சொல் மட்டும் என் கையெழுத்து. அதை அவரிடம் காட்டவில்லை.

அவர் திறப்பை வைத்துவிட்டுப் போன அடுத்த சனிக்கிழமையே மண்டபத்துப் பின்னறையின் பூட்டை மாற்றியிருந்தார்கள். அவர் பெயரை எடுத்தால் புதிதாக வருகிறவர்கள் காரணம் கேட்பார்கள் என்று அறிவிப்புப் பலகையில் கைவைக்கவில்லை. நூலகம் மூடப்படும்வரை, 'பொறுப்பாளர்: குணநாயகம்' என்று அதில் இருந்தது. அவர் பிறகு வரவில்லை.