பொங்காலையன்று நம் வீட்டில் நடந்தது

எங்கள் அக்கா எங்களை விட்டுப் போய் இந்த மாதத்தோடு ஓராண்டு நிறைகிறது. நினைவு மலரில் அக்காவைப் பற்றி எழுதும்படி தம்பியாகிய என்னிடம் பெரியப்பா சொன்னார். சொன்ன கையோடு ஒரு நிபந்தனையும் போட்டார்.

"நல்லதா நாலு வார்த்தை எழுதுடா. படிச்சா, வேலை பார்த்தா, எல்லாரையும் அனுசரிச்சுண்டு போனா, அப்படி. அந்தப் பொங்காலை சமாச்சாரம் மட்டும் வேண்டாம், கேட்டியா?"

கேட்டேன். ஆனால் அக்கா எல்லாரையும் அனுசரித்துப் போனார் என்று எழுத எனக்குக் கை வராது. எழுதினால் இந்த மலரை வாங்குகிறவர்களில் பாதிப் பேர் சிரித்துவிடுவார்கள். பொங்காலை சமாச்சாரமோ, நான் எழுதினாலும் எழுதாவிட்டாலும் ஒவ்வொருவர் வாயிலும் ஒவ்வொரு விதமாக ஓடிக்கொண்டுதான் இருக்கிறது. நடந்தது நடந்தபடி ஒரு தடவை அச்சில் வந்துவிடட்டும். பெரியப்பா மன்னிக்க வேண்டும்.

அக்கா கரமனையில், ஆற்றை ஒட்டிய எங்கள் தெருவில் பிறந்தார். அப்பா பழவங்காடியில் ஒரு ஜவுளிக்கடையில் வேலை பார்த்தார். அக்கா காலேஜில் இரண்டாம் வருஷம் படிக்கும்போது அப்பா காலமானார். அதன்பின் காலையில் டியூஷன், பகலில் காலேஜ், சாயங்காலம் மறுபடியும் டியூஷன் என்று அக்காதான் வீட்டைத் தாங்கினார். அரசுத் தேர்வு எழுதிக் கிளார்க் வேலைக்குப் போனார். என்னை இன்ஜினீயரிங் படிக்க வைத்தார். நான் வேண்டாம் என்றேன்; பி.காம். போதும் என்றேன். அவர் காதில் அது விழவே இல்லை.

பிறர் சொல்வது அக்காவின் காதில் விழாமல் போவது எங்களுக்குப் பழகிப்போன விஷயம். பள்ளிக்கூடச் சான்றிதழில் அவர் பெயரை மலையாளத்தில் ஓர் எழுத்து தப்பாகப் போட்டுவிட்டார்கள். வேறு யாராக இருந்தாலும் அந்தத் தப்போடு வாழ்ந்துவிட்டுப் போயிருப்பார்கள். அக்கா அது திருந்தும்வரை வாராவாரம் அந்த ஆபீஸுக்குப் போனார், துணைக்கு என்னையும் இழுத்துக்கொண்டு. கடைசியில் அந்த ஹெட்மாஸ்டர் அக்காவை வாசலில் பார்த்ததுமே பேனாவை எடுத்தார்.

அத்திம்பேர் ஸ்ரீவராகத்துக்காரர்; கல்யாணத்துக்குப் பின் எங்கள் வீட்டோடேயே வந்துவிட்டார். சாது. இந்த அக்காவுக்கு இப்படி ஒருவர் கிடைத்தது எங்கள் குடும்பத்தின் பாக்கியம். மூத்தவன் ஸ்ரீராம் ஒரு தனியார் ஆஸ்பத்திரியில் பிறந்தான். அங்கே அக்காவை ராத்திரி முழுவதும் தனியாகப் படுக்க வைத்தார்கள். அம்மாவை உள்ளே விடவில்லை. வலியில் கத்தினதற்குத் திட்டினார்கள். சொல்லாமல் கொள்ளாமல் கீறித் தையல் போட்டார்கள். குழந்தையும் தாயும் நலம் என்று நாங்கள் ஊருக்கெல்லாம் போன் செய்தோம். வீட்டுக்கு வந்த அக்கா பல வாரங்கள் சரியாகப் பேசவில்லை. ஒருநாள் துணி மடித்துக்கொண்டே என்னிடம் சொன்னார்: "நான் ஒருத்தி அங்கே படுத்துண்டிருக்கேன்னு யாருக்கும் தோணலைடா. ஒரு வார்த்தை கேக்கலை."

இரண்டாவது முறை உண்டானபோது, பிரசவம் வீட்டில்தான் என்று அறிவித்தார். அறிவித்தார் என்றுதான் சொல்ல வேண்டும், யாரையும் கலந்தாலோசிக்கவில்லை.

ஷைலஜா என்ற மிட்வைஃபை அவரே தேடிப் பிடித்திருந்தார். உங்களில் பலர் அவரை இன்னும் 'அந்த மருத்துவச்சி' என்கிறீர்கள். அவர் நர்சிங் படித்து, வெளிநாட்டில் வருஷக்கணக்கில் பேறுகால வார்டில் வேலை பார்த்து, ஊர் திரும்பியபின் எந்த ஆஸ்பத்திரியிலும் சேராமல் தனியாகப் பேறு பார்ப்பவர். முதல் நாளே எங்கள் எல்லாரையும் உட்கார வைத்து நிபந்தனைகளைச் சொன்னார். ஸ்கேனும் ரத்தப் பரிசோதனையும் டாக்டரிடம் ஒழுங்காக நடக்க வேண்டும். அந்த டாக்டருக்கு விஷயம் தெரிந்திருக்க வேண்டும். பிரஷர் ஏறினாலோ, குழந்தை திரும்பாமல் இருந்தாலோ, வீடு கிடையாது. ஆஸ்பத்திரிக்கு என்று தான் சொன்னால் அப்போது யாரும் தர்க்கம் பண்ணக்கூடாது.

"தர்க்கம் பண்ணாம இருப்பாளா இவ?" என்று அம்மா கேட்டார்.

"அது மட்டும் கேப்பேன்," என்றார் அக்கா.

அம்மா மூன்று மாதம் அக்காவோடு பேசவில்லை. சமையலறையில் ஒருவரை ஒருவர் இடித்துக்கொண்டு நின்றபடி என் மூலமாகப் பேசிக்கொண்டார்கள். "அவளைக் கேளுடா, ஆஸ்பத்திரி என்ன பாவம் பண்ணித்துன்னு." "அம்மாகிட்ட சொல்லு, நான் பைத்தியம் இல்லை, எல்லா செக்கப்பும் பண்ணிண்டுதான் இருக்கேன்." நான் இரண்டையும் இரண்டு பேரிடமும் மறுபடி சொல்ல வேண்டும். அத்திம்பேர் பேப்பர் படித்துக்கொண்டிருப்பார்.

டாக்டர் சொன்ன தேதி ஆற்றுக்கால் பொங்காலை கழிந்து இரண்டு வாரத்துக்குப் பிறகு. பொங்காலையன்று நம் ஊர் எப்படி இருக்கும் என்று உங்களுக்குத் தெரியும். கரமனையில் ஒரு தெரு பாக்கியில்லாமல் பெண்கள் அம்மனுக்குப் பொங்கலிட அடுப்பு மூட்டியிருப்பார்கள். சைக்கிள்கூடப் போக முடியாது. ஷைலஜா இதையும் யோசித்திருந்தார். அன்று வலி வந்தால் முதல் வலியிலேயே ஆஸ்பத்திரி என்றார். எதற்கும் இருக்கட்டும் என்று முதல்நாள் சாயங்காலமே பையோடு எங்கள் வீட்டுக்கு வந்து தங்கினார்.

அன்று எங்கள் வீட்டில் இருந்தவர்கள் யார் யார் என்று சொல்லத் தேவையில்லை. நீங்கள்தான் இருந்தீர்கள். கொல்லத்திலிருந்து, நாகர்கோவிலிலிருந்து, அம்பாசமுத்திரத்திலிருந்து, ஒவ்வொரு வருஷமும் போல எங்கள் வாசலில் பொங்காலை இட வந்திருந்தீர்கள். ஷைலஜா யார் என்று கேட்ட எல்லாருக்கும் அம்மா ஒரே பதில் சொன்னார்: "அவளோட ஆபீஸ் சிநேகிதி."

அக்காவுக்கு விடியற்காலையிலேயே வலி கண்டிருக்கிறது. வாயைத் திறக்கவில்லை. குளித்தார், காப்பி குடித்தார், ஸ்ரீராமுக்குத் தலை வாரினார். தெரு முழுக்கச் செங்கல்லும் பானையுமாக ஆன பிறகு, ஷைலஜாவைக் கூப்பிட்டு, மெதுவாக, "கொஞ்சம் வலிக்கறாப்பல இருக்கு," என்றார். பொய் வலி என்று நினைத்தாராம். இன்றுவரை நான் அதை நம்பவில்லை.

ஷைலஜா பார்த்துவிட்டு வெளியே வந்தபோது முகத்தில் கோபம் தெரிந்தது. உடனே கிளம்பச் சொன்னார். நான் ஜங்ஷனுக்கு ஓடினேன். பொங்காலைக்காக அங்கே ஓர் ஆம்புலன்ஸ் நின்றிருந்தது. தெருவுக்குள் வண்டி வராது, ஸ்ட்ரெச்சர் வேண்டுமானால் வரும் என்றார்கள். திரும்பி ஓடிவந்தால், அதற்குள் ஷைலஜா தீர்மானத்தை மாற்றியிருந்தார். இரண்டாவது பிரசவம், வேகமாக வருகிறது. பாதி வழியில் தெருவில் பிறப்பதைவிட இங்கேயே பிறக்கட்டும். ஆம்புலன்ஸை மட்டும் நகரவிடாதே என்று மலையாளத்தில் என்னிடம் சொல்லிவிட்டுப் பின்கட்டு அறையின் கதவைச் சாத்திக்கொண்டார். அத்திம்பேர் உள்ளே. மூன்று மாதம் பேசாத அம்மாவும் உள்ளே.

நான் கதவுக்கு வெளியே. அங்கே நான் பட்ட பாடு எனக்குத்தான் தெரியும். ஒருவர் தண்ணீர் கேட்டார். ஒருவர் பாத்ரூம் எங்கே என்றார். வெல்லம் போதவில்லை என்றார் ஒருவர். "உள்ளே யாருக்கு உடம்புக்கு என்ன?" என்று கேட்டவர், பதிலுக்குக் காத்திராமல் கதவைத் தள்ளினார். கதவில் முதுகைக் கொடுத்து உட்கார்ந்துகொண்டேன். வீடெல்லாம் புகை. கண் எரிச்சலில் அழுகிறேனா, பயத்தில் அழுகிறேனா என்று எனக்கே தெரியவில்லை.

பாரு பிறந்தாள். உடனே அழவில்லை. சற்று நேரம் ஷைலஜாவின் குரல் மட்டும் கேட்டது. பிறகு அழுதாள். வெளியே அடுப்பு ஊதிக்கொண்டிருந்த யாருக்கும் அது காதில் விழவில்லை.

கொஞ்ச நேரத்தில் ஷைலஜா கதவைத் திறந்தார். அக்காவுக்கு ரத்தப்போக்கு இருக்க வேண்டியதைவிட அதிகமாக இருந்தது. ஊசி போட்டாயிற்று, குறைந்துகொண்டும் வருகிறது, ஆனால் வீட்டில் வைத்துக் காத்திருக்கக் கூடாது. "போகாம். ஒட்டும் தாமசிக்கண்டா," என்றார். போகலாம், தாமதமே கூடாது என்று அர்த்தம். அக்கா பேசாமல் தலையாட்டினார். முப்பத்திரண்டு வயசு வரைக்கும் எதற்கும் எதிர்ப்பேச்சுப் பேசாமல் இருந்ததில்லை. எனக்கு அந்தத் தலையாட்டல்தான் பயத்தைக் கொடுத்தது.

நான் ஜங்ஷனுக்கு ஓடி ஆம்புலன்ஸ்காரர்களை ஸ்ட்ரெச்சரோடு அழைத்துவந்தேன். அதில் அக்காவைத் தூக்கிக்கொண்டு நாங்கள் வெளியே வந்தபோது, தெருவில் இருந்த பெண்கள் எழுந்து நின்றார்கள். ஒருவரும் என்ன, ஏது என்று கேட்கவில்லை. கொதிக்கும் பானைகளைப் புடவைத் தலைப்பால் பிடித்து இறக்கி, செங்கற்களைக் காலால் ஒதுக்கி, ஜங்ஷன் வரை வழி விட்டார்கள். வருஷத்துக்கு ஒரு தடவை செய்யும் வேண்டுதலைப் பாதியில் இறக்கி வைத்தார்கள். அவர்கள் யார், எந்த ஊர் என்று எங்களுக்கு இன்றும் தெரியாது.

ஆஸ்பத்திரியில் டாக்டர் எங்கள் எல்லாரையும் திட்டினார், அக்கா உள்பட. அதில் நியாயம் இல்லை என்று நான் சொல்ல மாட்டேன். ரத்தம் ஏற்றத் தேவைப்படவில்லை. மறுநாள் சாயங்காலம் அக்கா தன் காலால் நடந்து வீட்டுக்கு வந்தார். வாசலில் ஆரத்தி எடுத்த அம்மாவிடம் அக்கா சொன்ன முதல் வார்த்தை, "இப்போவாவது பேசுவியா?" அம்மா பேசினார். ஆரத்தியைக் கொட்டிவிட்டு வந்து ஒரு மணி நேரம் பேசினார்.

இவ்வளவுதான் நடந்தது. அதற்குப் பிறகு ஆறு வருஷம் அக்கா நன்றாக இருந்தார். பாருவின் பிறப்பைப் பதிவு செய்யப் போனபோது எந்த ஆஸ்பத்திரி என்று கேட்ட குமாஸ்தாவிடம் "எங்காத்துப் பின்கட்டு" என்று சொல்லி, அவரை ஒரு மாதம் அலைய வைத்தார். பிரமோஷன் வாங்கினார். என் கல்யாணத்தை நடத்தினார். சென்ற வருஷம் ஆபீஸில் தலை வலிக்கிறது என்று மேஜையில் சாய்ந்தவர் எழுந்திருக்கவில்லை. மூளையில் ஒரு ரத்தக்குழாய் பிறவியிலேயே பலவீனமாக இருந்து வெடித்துவிட்டது. பிரசவத்துக்கும் இதற்கும் சம்பந்தமே இல்லை என்று டாக்டர் சொன்னார். நான் மூன்று தடவை கேட்டேன். மூன்று தடவையும் சொன்னார்.

பதின்மூன்றாம் நாள், சாப்பாட்டுப் பந்தி நடந்துகொண்டிருக்கும்போது, பாரு என்னைத் தேடி மாடிக்கு வந்தாள்.

"மாமா, நான் நம்மாத்துல பொறந்ததாலயா அம்மா போயிட்டா?"

"யார் சொன்னா?"

"ஒரு மாமி. அன்னிக்குப் போன ரத்தம்தான்னு."

அந்த மாமி யார் என்று பாரு சொன்னாள். நான் இங்கே எழுதப் போவதில்லை. அவர் கையிலும் இந்த மலர் இருக்கும். அவர் மட்டும் இல்லை. அன்று அதே பேச்சை ஹாலிலும், சமையற்கட்டிலும், வாசலில் செருப்பு மாட்டிக்கொண்டும் நான் கேட்டேன். எத்தனை பேருக்குத்தான் விளக்கம் சொல்வது? சொன்னால், "நாங்க என்ன தப்பாவா சொன்னோம்?" என்கிறீர்கள். ஆறு வயசுக் குழந்தை தன் அம்மாவைத் தானே கொன்றுவிட்டதாக நினைத்துக்கொண்டு ஒரு வாரம் ராத்திரி தூங்கவில்லை. இதை எழுதாமல் நல்லதாக நாலு வார்த்தை எழுத என்னால் முடியாது.

அக்காவின் ஆபீஸ் நண்பர்களுக்கும், கடைசி நாளில் எங்களுடன் இருந்த டாக்டர்களுக்கும், தோள் கொடுத்த உறவினர்களுக்கும் எங்கள் குடும்பம் கடமைப்பட்டிருக்கிறது. பேர் தெரியாத அந்தப் பொங்காலைப் பெண்களுக்கும். பாருவிடம் பேசும்போது அவள் அம்மாவைப் பற்றி எதை வேண்டுமானாலும் சொல்லுங்கள். அக்கா உங்களோடு போட்ட சண்டைகளைச் சொல்லுங்கள், நிறைய இருக்கும். அவள் பிறந்த கதையை மட்டும் எங்களிடம் விட்டுவிடுங்கள்.

ஷைலஜாவுக்கும் நன்றி. பதின்மூன்றாம் நாள் அவரும் வந்திருந்தார். உங்கள் பேச்சு காதில் விழுந்ததோ என்னவோ, சாப்பிடாமல் போய்விட்டார். சென்ற மாதம் அம்மா தாமே போன் செய்து, வந்தே ஆக வேண்டும் என்று கூப்பிட்டார். வந்தார். பாரு அவர் எதிரே உட்கார்ந்து, தயக்கமில்லாமல் மலையாளத்தில் கேட்டாள்: நான் பிறந்ததும் அம்மா முதலில் என்ன சொன்னாள்?

ஷைலஜா யோசித்தார். எங்களில் யாருக்கும் தெரியாத விஷயம் அது. பிறகு சொன்னார்: "காப்பி சோதிச்சு. நான் கொடுத்தில்லா. அதினு என்னோடு வழக்கு."

காப்பி கேட்டிருக்கிறார். ஷைலஜா கொடுக்கவில்லை. அதற்குச் சண்டை.

பாரு சிரித்தாள். அம்மா எழுந்து காப்பி போடப் போனார்.