மஞ்சள் பெட்டிக்குக் கையெழுத்துப் போட்டவர்

ஒரு மனிதனைத் திருடன் என்று சொல்லிவிட்டு அதே வாயால் தே தாரேக் டீயை உறிஞ்சுகிறார்களே, அந்தக் கோபம் லோரி டிரைவர் ஹரிதாசுக்கு எட்டு வருடமாக அடங்கவில்லை. தானா ராத்தா டவுன் டீக்கடையில் சாம்பசிவத்தின் பேரை எடுத்தால் போதும், "யாரு, அந்தப் பெட்டித் திருடனா?" என்று எவனாவது ஒருத்தன் கேட்பான். ஹரிதாஸ் கிளாஸை மேசையில் ஓங்கி வைத்துவிட்டு எழுந்து போய்விடுவார். பதில் சொல்லாமல் ஏன் போகிறார் என்று யாரும் கேட்டதில்லை. கேட்டிருந்தால் வசமாக மாட்டியிருப்பார்.

சாம்பசிவம் மலைமேல் இருக்கும் தேயிலை எஸ்டேட்டில் ஸ்டோர் கிராணி, சாமான் கணக்கு எழுதுகிறவர். லயத்தில் பிறந்து, பதினாறு வயதில் கொழுந்து மூட்டை தூக்க ஆரம்பித்து, ஸ்டோர் சாவி கைக்கு வந்தபோது முப்பத்திரண்டு வயது. உரம், மருந்து பம்பு, பூட்ஸ், கத்தி, எது வந்தாலும் ஓர் அட்டை எழுதி நீலக் கயிற்றால் அதிலேயே கட்டிவிடுவார். பொருள் என்ன, எந்த நாள், கொண்டுவந்தவர் யார், வாங்கியவர் யார் என்று நாலு கட்டம். இங்கிலீஷ் எழுத்து அவருக்குப் பிடிபடாது. மூட்டையில் இருப்பதைப் பார்த்துப் படம் வரைகிற மாதிரி வரைந்துகொள்வார். ஒருமுறை எஸ்டேட் மேனேஜர் துரையே ஒரு மரம் அறுக்கும் மிஷினைக் கொண்டுவந்து போட்டுவிட்டு நடையைக் கட்டினார். "துரை, பேரு" என்று மழையில் பின்னாலேயே ஓடி எழுதி வாங்கிக்கொண்டு வந்தவர் இந்த ஆள்.

"கட்டம் காலியா இருந்தா அது வானத்துல இருந்து விழுந்த சாமான்டா. என் ஸ்டோர்ல வானத்துல இருந்து ஒண்ணும் விழாது" என்பார்.

அவரைத்தான் திருடன் என்றார்கள்.

எஸ்டேட்டின் கீழ் டிவிஷனுக்குப் புது ரோடு போட ஒரு கொந்திராக்டர் வந்தான். போட்ட மண் எவ்வளவு இறுகியிருக்கிறது, எவ்வளவு ஈரம் இருக்கிறது என்று பார்க்க அவனிடம் ஒரு கருவி. அதற்குள்ளே விரல் நுனி அளவுக்கு அணுக்கதிர் வீசும் சரக்கு. அப்படிப்பட்ட கருவியை வெளிநாட்டிலிருந்து இறக்க அரசாங்கத்தின் லைசன்ஸ் வேண்டும். எத்தனை வந்தது, யார் பொறுப்பு, எந்த இடத்தில் பூட்டி வைத்திருக்கிறது எல்லாம் அதில் இருக்க வேண்டும். இடம் மாற்றினால் தனி அனுமதி. ஏற்றிப் போகிற லோரிக்கும் அனுமதி. நல்ல சட்டம். அதை மதிக்காதவன் ஒருத்தனும் இதில் அடிபடவில்லை, அதுதான் வயிற்றெரிச்சல்.

கொந்திராக்டர் இரண்டு கருவிகளை இறக்கியிருந்தான். லைசன்ஸில் இருந்த இடம் மலைக்குக் கீழே ஈப்போ டவுன். ஒன்றை மலைக்குக் கொண்டுவர அனுமதி கேட்டிருந்தான், அது வரவில்லை. வேலையோ அவசரம். அந்த வாரம் ஹரிதாஸ் எஸ்டேட் லோரியில் உரம் ஏற்ற ஈப்போவுக்குப் போயிருந்தார். கொந்திராக்டரின் சூப்பர்வைசர் ஜெஃப்ரி ஒரு மஞ்சள் பெட்டியைத் தூக்கிக்கொண்டு வந்தான்.

"அண்ணே, சின்னப் பொட்டிதான். உர மூட்டைக்கு நடுவுல வச்சிட்டுப் போங்கலா. பேப்பர் பின்னாடியே வரும்."

ஹரிதாஸ் துரைக்குப் போன் போட்டார். "ஏத்திக்கிட்டு வா" என்றார் துரை. பெட்டியின் மேல் மூன்று இறக்கை போட்ட கறுப்புச் சின்னம். ஏதோ காற்றாடி மோட்டார் என்று நினைத்துக்கொண்டார் ஹரிதாஸ்.

ஸ்டோரில் இறக்கியதும் சாம்பசிவம் வழக்கம்போல அட்டையை எடுத்தார். லோரி திரும்புவதற்குள் கையெழுத்துப் போட்டுவிட வேண்டும், கேள்வியெல்லாம் அப்புறம். எஸ்டேட்டில் அப்படித்தான். 'வாங்கியவர்' கட்டத்தில் தன் பேரை எழுதினார். 'கொண்டுவந்தவர்' கட்டத்துக்கு வந்தபோது ஹரிதாஸ் அவர் கையைப் பிடித்தார்.

"அண்ணே, என் பேரு வேணாண்ணே. வெளிச் சரக்கு ஏத்துனேன்னு போன மாசந்தான் சம்மன் வாங்கினேன். இன்னொண்ணு வந்தா லோரி லைசன்ஸ் போயிரும். மூணு புள்ளைங்கண்ணே."

சாம்பசிவம் அவரை முறைத்தார். "வெக்கங்கெட்ட பயலே, என்னையும் கெடுக்குற" என்றார். "சரி போ. பேப்பர் வந்தா அதுல இருக்கிற பேர எழுதிக்கிறேன்."

பேப்பர் வரவில்லை. மழைதான் வந்தது. சரிவு இடிந்து வேலை நின்றது, கொந்திராக்டரின் ஆட்கள் இறங்கிப் போனார்கள். பெட்டி பதினோரு மாதம் ஸ்டோரிலேயே கிடந்தது. பூட்ஸ் வாங்க வருகிற பெண்கள் அதன்மேல் உட்கார்ந்து வெற்றிலை போட்டார்கள்.

ஒருநாள் சாம்பசிவம் மனைவி ருக்குமணியை நெஞ்சுப் படம் எடுக்க ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போனார். எக்ஸ்ரே அறைக் கதவில் அதே மூன்று இறக்கை. கீழே ஒரு கர்ப்பிணியின் படம், அதில் குறுக்குக்கோடு. மனிதர் வீடு போய்ச் சேரவில்லை, நேராக ஸ்டோருக்குப் போனார். பெட்டியை மூலைக்குத் தள்ளி, சுற்றிலும் நாலு அடிக்குச் சுண்ணாம்பால் கோடு போட்டார். கோட்டைத் தாண்டினால் பூட்ஸ் கிடையாது என்றார்.

"கிராணி பொட்டிக்குக் கோலம் போட்டுட்டாருடி. அடுத்தது தீபாராதனைதான்!" என்று சிரித்தார்கள். ஹரிதாசும் சேர்ந்து சிரித்தார். அதை நினைத்தால் இப்போதும் தன்னையே அறைந்துகொள்ளலாம் போல இருக்கும் அவருக்கு.

மாதா மாதம் சாம்பசிவம் துரை முன்னால் போய் நிற்பார். "வரும் சாம்பா, பேப்பர் வரும்" என்பார் துரை, தலையை நிமிர்த்தாமலே.

கடைசியில் வந்தது அதிகாரிகள். ஈப்போவில் கணக்குப் பார்த்திருக்கிறார்கள். இறக்குமதிப் பத்திரத்தில் இரண்டு, கையில் ஒன்று. இன்னொன்று எங்கே என்று கேட்டால், சைட்டில் காணாமல் போனது என்றான் கொந்திராக்டர். நெருக்கிப் பிடித்ததும், எஸ்டேட் கிராணி ஒருத்தன் பழைய இரும்புக் கடைக்குப் போட எடுத்து வைத்திருப்பதாகக் கேள்வி என்று கதையை மாற்றினான். போலீசும் அதிகாரிகளும் மலைக்கு வந்தார்கள்.

அதிகாரிகளில் ரெனீ என்று ஒரு பெண், தமிழ் பேசுகிற நம் ஆள். கையில் இருந்த மீட்டரைப் பெட்டியைச் சுற்றிக் காட்டினாள். பூட்டு உடையவில்லை, கசிவு இல்லை என்றாள். சுண்ணாம்புக் கோட்டைப் பார்த்தாள்.

"இதப் போட்டது யாரு?"

"நாந்தாம்மா."

"நல்ல வேலை செஞ்சிருக்கீங்க அங்கிள்." அட்டையைத் திருப்பினாள். "வாங்குனது நீங்க. கொண்டு வந்தது யாரு? காலியா இருக்கே."

துரை அங்கேதான் நின்றார். முதல் ஆளாக, "எனக்கு எதுவும் தெரியாது" என்றார். ஹரிதாஸ் வாசலில் நின்றார், கையில் லோரிச் சாவி.

"அங்கிள், சொல்லலேன்னா உங்க மேலதான் வரும்."

சாம்பசிவம் வாசல் பக்கம் திரும்பவேயில்லை. திரும்பியிருந்தால் அந்தப் பெண் கண்டுபிடித்திருப்பாள். "மறந்துட்டேம்மா" என்றார். எந்தப் பூட்ஸை எந்த வருடம் யாருக்குக் கொடுத்தோம் என்று தேதியோடு சொல்கிற ஆள், மறந்துட்டேன் என்றார்.

சாம்பசிவத்தின் மேல் போட்ட கேஸ் நிற்கவில்லை. கொந்திராக்டர் அபராதம் கட்டிவிட்டு வேறு மாநிலத்தில் ரோடு போடப் போய்விட்டான். துரை பதவி உயர்ந்து டவுனுக்குப் போனார். சாம்பசிவத்துக்கு வேலை போனது, லயத்து வீடும் போனது. லெம்பா பெர்த்தாமில் ஒரு காய்கறித் தோட்டத்தில் தகரக் கொட்டகை கிடைத்தது. ஐம்பத்தெட்டு வயதில் முட்டைக்கோஸ் பெட்டி அடுக்கினார் அந்த மனிதர்.

ருக்குமணியே நம்பவில்லை. அதுதான் பெரிய கொடுமை. "இரும்புக் கடைக்குப் போட நெனச்சியே, என்கிட்டயாவது ஒரு வார்த்த கேட்டியா?" என்று சோறு போடும்போதெல்லாம் கேட்பாள். சாம்பசிவம் குனிந்து சாப்பிடுவார். அவளிடம் சொன்னால் ஊருக்கே தெரியும், ஊருக்குத் தெரிந்தால் ஹரிதாசின் லைசன்ஸ் போகும். அதனால் அவளிடமும் சொல்லவில்லை.

ஹரிதாஸ் மாதம் ஒருமுறை அரிசியும் மீனும் வாங்கிக்கொண்டு போவார். "நீங்க ஒருத்தர்தான் தம்பி எங்கள மறக்காதவரு" என்பாள் ருக்குமணி. அவள் வைக்கும் மீன் குழம்பைச் சாப்பிடாமலே கிளம்பிவிடுவார் அவர். பிள்ளைகள் படிப்பை முடித்தார்கள், வேலைக்குப் போனார்கள், ஒருத்திக்குக் கல்யாணமும் ஆனது. அப்போதும் வாய் திறக்கவில்லை. சாக்கு தீர்ந்த பிறகும் பயம் தீரவில்லை.

போன வருடம் சாம்பசிவத்துக்குச் சிறுநீரகம் இரண்டும் நின்றுபோயின. பெட்டியில் இருந்த கதிர் பட்டுத்தான் இப்படி என்று ஊரில் பேசினார்கள். அதுவும் பொய். இருபது வருடச் சர்க்கரை. ஆஸ்பத்திரிக் கட்டிலில் ஆள் பாதியாகக் கிடந்தார். ருக்குமணி வெளியே பெஞ்சில் இருந்தாள். ஹரிதாஸ் பக்கத்தில் உட்கார்ந்து கையைப் பிடித்தார்.

"அந்தத் துரைப் பய நல்லாவே இருக்கான்ணே. பெரிய காடி, பெரிய வீடு. நெனச்சா ரத்தம் கொதிக்குது."

"அவன விடுறா. நீ இன்னும் லோரி ஓட்டுறியா?"

"இல்லண்ணே. கண்ணு மங்கிப்போச்சு. லைசன்ஸ விட்டு நாலு மாசமாச்சு."

"தெரியும். தெரிஞ்சுதான் கேட்டேன்" என்றார் சாம்பசிவம். "லைசன்ஸ்தான் போச்சே, இனியாவது நீயா சொல்லுவன்னு நாலு மாசமா பாத்தேன்."

ஹரிதாஸ் பிடித்திருந்த கையை விட்டார்.

"ஊருக்குச் சொல்ல வேணாம். ஊரு என்ன நெனச்சா எனக்கென்ன. அவ வெளிய உக்காந்திருக்கா. நான் சொன்னா நம்ப மாட்டா, சாகப்போறவன் பேத்துறான்னுவா. பொட்டிய ஏத்திட்டு வந்தது நீதான்னு நீ போய்ச் சொல்லு. மறைக்காமச் சொல்லு. திட்டுனா வாங்கிக்க, அடிச்சாலும் வாங்கிக்க. சொல்லி முடிச்சதும் அவள மட்டும் உள்ள அனுப்பு. நீ வராத."