நான் பட்டாளத்துக்கு அனுப்பிய சாமியார்

எங்கள் மாடியில் குடியிருக்கும் ஜெபதாஸ் ஒரு நாள்கூட ராணுவத்தில் இருந்ததில்லை. அவரைப் பட்டாளத்தில் சேர்த்தது நான். எல்லைக்கு அனுப்பி, பனிமலையில் காவல் நிறுத்தி, முழங்காலில் ஒரு குண்டைப் பாயவிட்டு, பென்ஷனோடு எங்கள் ஊர் சேரப்பணஞ்சேரிக்குத் திருப்பி அழைத்து வந்ததும் நானேதான். பள்ளிக்கூடத்தில் காலமெல்லாம் சரித்திரம் நடத்தியவள் நான். ஞாயிற்றுக்கிழமைகளில் மாதா கோயிலில் பிள்ளைகளுக்கு ஞானோபதேசமும் நடத்தினேன். ஒரு சாமியாரைக் கண்ணுக்கு எதிரே வைத்துக்கொண்டு சிப்பாய் என்று முடிவு கட்டுவதற்கு இந்த இரண்டு படிப்பும் சேர்ந்துதான் உதவியிருக்க வேண்டும்.

அவர் ஒரு பெட்டியோடும் மடக்குக் கட்டிலோடும் வந்து இறங்கினார். வயது நாற்பதை நெருங்கிக்கொண்டிருந்தது, கல்யாணம் ஆகவில்லை. ஒரகடத்தில் பிரேக் பாகங்கள் செய்யும் ஒரு கம்பெனியில் வேலை. லைனில் புதிதாகச் சேரும் பிள்ளைகளை உட்காரவைத்து, கிளவுஸ் போடு, கண்ணாடி போடு, ஓடுகிற மெஷினுக்குள் கையை விடாதே என்று பாதுகாப்புப் பயிற்சி கொடுப்பார். அந்தப் பயிற்சியில் தூங்காமல் இருப்பதே பெரிய சாதனை என்பார்கள். இவர் பேசினால் பையன்கள் கண்கலங்குகிறார்கள் என்றும், முடிந்ததும் கொஞ்ச நேரம் யாரும் எழுந்திருப்பதில்லை என்றும் கேள்விப்பட்டேன். அப்போதாவது எனக்குப் பொறி தட்டியிருக்க வேண்டும். தட்டவில்லை.

அடையாளங்களுக்குக் குறைவே இல்லை. விடியுமுன் எழுந்துவிடுவார். போர்வையை மூலை பிசகாமல் மடிப்பார். தட்டில் வைத்ததைச் சாப்பிடுவாரே தவிர, இன்னும் கொஞ்சம் வேண்டும் என்று கேட்கத் தெரியாது. தக்காளி என்ன விலை என்று தெரியாது. கடைக்காரர் சொன்ன தொகையைக் கொடுத்துவிட்டு நன்றி வேறு சொல்லிவிட்டு வருவார். பெண்கள் யாராவது மாடிக்கு வந்தால் கதவை அகலத் திறந்து வைத்துவிட்டு இவர் வெளியே வந்து நின்றுகொள்வார். எல்லாவற்றுக்கும் மேலாக அந்தக் காபி டம்ளர். குடித்து முடித்ததும் அதில் கொஞ்சம் தண்ணீர் ஊற்றி, ஒரு சுழற்றுச் சுழற்றி, அதையும் குடித்துவிட்டு, கைக்குட்டையால் உட்புறத்தைத் துடைத்து, கைக்குட்டையை மூன்றாக மடித்து வைப்பார். வாரா வாரம் பூசையில், நற்கருணை கொடுத்து முடித்ததும், பீடத்தில் சாமியார் இரசக் கிண்ணத்தை இப்படித்தான் துடைக்கிறார். அறுபது வருஷத்துக்கு மேலாகப் பார்த்துக்கொண்டிருக்கிறேன். ஆனால் ஜெபதாஸ் துடைப்பதைப் பார்த்தபோது எனக்குத் தோன்றியது வேறு. பாவம், ராஜஸ்தான் பாலைவனத்தில் தண்ணீருக்கு எவ்வளவு கஷ்டப்பட்டாரோ!

கீழ்வீட்டுக் காந்திமதி கேட்டபோது, "மிலிட்டரி" என்று ஒரு வார்த்தைதான் சொன்னேன். கேட்பவள் வாயைப் பிளந்துகொண்டு கேட்டால் எனக்கு நிறுத்தத் தெரியாது. பாலைவனத்தில் ஆரம்பித்தவர், படி இறங்கி முடிப்பதற்குள் பனிமலைக்குப் போய்விட்டார். காலில் பாய்ந்த குண்டு அடுத்த வாரம் சேர்ந்தது. ஒரு தடவை அவரே என்னை நிறுத்தி, "டீச்சர், நான் மிலிட்டரியில இல்ல" என்றார். வெளியே சொல்லக் கூடாது என்று மேலிடத்து உத்தரவு இருக்கும் என்று புரிந்துகொண்டு, கண்ணைச் சிமிட்டிவிட்டு நகர்ந்தேன்.

இந்த நேரத்தில்தான் ஜெர்சி வந்தாள். அதே கம்பெனியில் குவாலிட்டி செக்ஷன். இருங்காட்டுக்கோட்டையில் தோழிகளோடு அறை எடுத்துத் தங்கியிருந்தாள். தூத்துக்குடிப் பக்கம் ஒரு கடற்கரை ஊர்ப் பெண். பயிற்சியில் கண்கலங்காமல் குறுக்குக் கேள்வி கேட்டவள் இவள் ஒருத்திதானாம். இருவரும் கட்டிக்கொள்வதாக முடிவு செய்திருந்தார்கள். தான் முன்பு யாராக இருந்தோம் என்பதை ஜெபதாஸ் முதல் நாளே அவளிடம் சொல்லியிருந்தார். அப்பா இல்லாத பெண் என்பதால், அம்மா சகாயமேரி சம்மதித்தால் கல்யாணம், இல்லையென்றால் இல்லை என்பது ஜெர்சியின் பேச்சு. அம்மாவை ஊரிலிருந்து வரவழைத்து, நிதானமாக உட்காரவைத்து உண்மையைச் சொல்வது என்பது திட்டம்.

அந்தத் திட்டத்துக்குள் நான் புகுந்தேன். ஞாயிறு பூசை முடிந்து கோயில் வாசலில், ஊரிலிருந்து வந்திருந்த சகாயமேரியைப் பிடித்து, மாப்பிள்ளையின் அருமை பெருமைகளை அவிழ்த்துவிட்டேன். குடி கிடையாது, பெண்களை ஏறெடுத்துப் பார்க்க மாட்டார், சாமியார் மாதிரி இருக்கிறார் என்று என் வாயாலேயே சொன்னேன். கையோடு பட்டாளத்தையும் பென்ஷனையும் சேர்த்துவிட்டேன். அந்தம்மாவின் முகம் தேர்த்திருவிழா மாதிரி ஆகிவிட்டது. பக்கத்தில் நின்ற ஜெர்சியின் முகம் ஏன் வெளுத்தது என்று நான் யோசிக்கவில்லை. வெட்கம் என்று நினைத்தேன்.

நிச்சயம் பேச எங்கள் வீட்டிலேயே விருந்து வைத்தேன். மாப்பிள்ளை பக்கத்திலிருந்து யாரும் வரவில்லை. அவர் அம்மாவுக்கு உடம்பு முடியவில்லை என்று அதற்கும் ஒரு கதை சொன்னேன். சாப்பிட்டு முடித்ததும் தானே எல்லாவற்றையும் சொல்லிவிடுவதாக ஜெபதாஸ் ஜெர்சிக்கு வாக்குக் கொடுத்திருந்தார் என்பது பிறகுதான் எனக்குத் தெரிந்தது. காந்திமதி பரிமாற வந்திருந்தாள். இலையில் கறிக்குழம்பு விழுந்ததும் சகாயமேரி, ஒரு செபம் சொல்லிட்டுச் சாப்பிடுவோம், தம்பியே சொல்லட்டும் என்றாள்.

அவர் எழுந்து நின்றார். சின்னச் செபம்தான், ஆனால் அழகான செபம். எல்லோரும் கண்ணை மூடியிருந்தோம். செபம் முடிகிற இடத்தில் கண்ணைத் திறந்தால், அவர் வலது கை தானாக எழுந்துகொண்டிருந்தது. எங்களைப் போன்ற சாதாரண ஜனம் சிலுவை போட்டால் நெற்றி, நெஞ்சு, தோள் என்று தன்மேல்தான் போட்டுக்கொள்ளும். இவர் கை, விரல்களைச் சேர்த்து, காற்றில் மேலிருந்து கீழே இறங்கி, இடமிருந்து வலமாகப் போய், எங்கள் எல்லோர்மேலும் பெரிய சிலுவையாகப் போட்டது. வீட்டுக்குள் சில்லென்று ஆசீர்வாதம் இறங்கியது. ஆண்டுக்கணக்கான பழக்கம் யாரை விட்டது? நான் தலை குனிந்து ஆமென் என்றேன். சகாயமேரி நாற்காலியிலிருந்து இறங்கி முழந்தாளே போட்டுவிட்டாள்.

தரையில் இருந்தபடியே நிமிர்ந்து பார்த்தாள்.

"தம்பி, நீங்க யாரு?"

உயர்த்திய கையை எங்கே வைப்பது என்று தெரியாமல் ஜெபதாஸ் நின்றார். "பத்து வருஷம் சாமியாரா இருந்தேன்மா. இப்ப இல்ல. ரோம்ல இருந்து விடுதலை வந்துடுச்சு. சாப்பிட்டதும் சொல்றதா இருந்தேன்."

சகாயமேரி அவரை விட்டுவிட்டு என் பக்கம் திரும்பினாள். "டீச்சரம்மா, மிலிட்டரின்னுல்லா சொன்னிய?"

வாழ்க்கையில் முதன்முறையாக எனக்கு ஒரு கதையும் வரவில்லை. கரண்டியோடு நின்றிருந்த காந்திமதிதான் என்னைக் காப்பாற்றப் பார்த்தாள். "இன்னாக்கா, உங்க சாமிங்க கல்யாணம் கட்டுனா இன்னா தப்பு? எங்க சாமிங்கல்லாம் பொண்டாட்டிய கூட இட்டுக்கினுதான் ஊர்கோலமே வருது. ஒருத்தருக்கு ரெண்டு கீது." உதவி செய்ய நினைத்ததற்காக அவளைக் குறை சொல்ல முடியாது.

சகாயமேரி உள்ளறைக்குப் போய்ப் பையில் துணியைத் திணிக்க ஆரம்பித்தாள். சாமியாரைக் கட்டினால் ஏழு தலைமுறைக்கு விளங்காது, நாளைக்கே வேலையை விட்டுவிட்டு என்னோடு ஊருக்கு வா என்று மகளிடம் சொல்வது கேட்டது. ஜெர்சி அழவில்லை. உன் சம்மதம் இல்லாமல் கட்ட மாட்டேன், ஆனால் இவரைத் தவிர வேறு யாரையும் கட்டவும் மாட்டேன் என்று மட்டும் சொல்லிவிட்டுச் சுவரோரமாக உட்கார்ந்துவிட்டாள்.

மாடிப்படியில் போய் உட்கார்ந்திருந்த ஜெபதாஸ் பக்கத்தில் நானும் உட்கார்ந்தேன். திட்டத்தான் போனேன். ஞானோபதேசம் நடத்தியவளுக்கு அந்த உரிமைகூட இல்லையா? ஆனால் அவர் பேச ஆரம்பித்ததும் கேட்டுக்கொண்டிருந்தேன். பள்ளிப் படிப்பு முடித்த கையோடு சாமியாருக்குப் படிக்கக் குருமடத்துக்குப் போனவர். உடம்பின் ஆசைகளைப் பற்றி அங்கே அவருக்குக் கிடைத்த பாடம் எல்லாம் பச்சைத்தண்ணீரில் குளி, கால்பந்து ஆடு, செபமாலை சொல் என்பதுதானாம். அப்புறம் குருப்பட்டம். பட்டம் வாங்கிய அன்றே, தாத்தா வயதுக்காரர்கள் வரிசையில் வந்து உள்ளங்கையை முத்தமிட்டார்கள். எந்த வீட்டுக்குப் போனாலும் டர்க்கி டவல் விரித்த தனி நாற்காலி. கோழியில் தொடை இவருக்கு. இவர் உள்ளே வந்தால் அதுவரை சிரித்துப் பேசிக்கொண்டிருந்தவர்கள் எழுந்து நின்று பேச்சை மாற்றுவார்கள். பிரசங்கம் நன்றாக இல்லை என்று பத்து வருஷத்தில் ஒருவர்கூடச் சொன்னதில்லை. விருந்து முடிந்தால் கோயிலை ஒட்டிய பெரிய பங்கு வீடு, நீளமான மேசை, ஒரு தட்டு. கூட இருந்தவர்களில் உண்மையாகவே சந்தோஷமாக இருந்தவர்களும் உண்டு என்றார். அவர்களைப் பார்த்துப் பொறாமைப்பட்டாராம். மறைத்து வாழ்ந்தவர்களும் உண்டு. அவர்களுக்கு ஊர் மாற்றல் கிடைத்தது. என்னால் முடியவில்லை என்று வாய்விட்டுச் சொன்ன இவர்தான் மானத்தை வாங்கியவர் ஆனார். முதலில் வந்து உள்ளங்கையை முத்தமிட்ட அவருடைய அம்மா இப்போது இவர் போனை எடுப்பதில்லை.

தனிமைதான் காரணமா என்று நாசூக்காகக் கேட்டேன்.

"உடம்பும்தான் டீச்சர்," என்றார். "அது இல்லாத மாதிரியே நடிச்சது போதும்னு ஆயிடுச்சு."

டவல் விரித்து நாற்காலி போடுபவளும், தொடையைத் தேடி எடுத்து வைப்பவளும், பங்குச் சாமியார் எந்த வீட்டில் எத்தனை நேரம் உட்கார்ந்தார் என்று ஜன்னல் வழியாகக் கணக்குப் பார்ப்பவளும் எங்கள் பங்கில் யார் என்று அவர் கேட்கவில்லை. கேட்டிருந்தால் அதற்கும் ஒரு சிப்பாய்க் கதையைத் தேட வேண்டியிருந்திருக்கும்.

சரி, போட்ட முடிச்சை நாமே அவிழ்ப்போம் என்று உள்ளறைக்குப் போனேன். ரோமே சம்மதித்த பிறகு சாபம் எங்கிருந்து வரும், நம் பங்குச் சாமியாரே கல்யாணத்தை மந்திரித்து வைக்கத் தயாராக இருக்கிறார் என்றெல்லாம் வாதாடினேன். சகாயமேரி எதற்கும் அசையவில்லை. கடைசியில் கதவைச் சாத்திவிட்டுக் குரலை இறக்கினாள். சாபம் எல்லாம் அப்புறம் என்றாள். சில வருஷத்துக்கு முன்னால் ஒரு தவக்காலத்தில், பாவ மன்னிப்புக்கு வருபவர்களிடம் பாவசங்கீர்த்தனம் கேட்க அவர்கள் ஊருக்கு ஒரு வேன் நிறைய வெளியூர்ச் சாமியார்கள் வந்திருக்கிறார்கள். தெரியாத சாமியார்தானே என்று இவள் தைரியமாக எல்லாவற்றையும் கொட்டிவிட்டாள். கம்பி வலைக்கு அந்தப் பக்கம் முகம் தெரியவில்லை. குரல் மட்டும் நினைவிருக்கிறது.

"செபம் சொன்னாருல்லா, அந்தக் குரலுதான் மாதிரி இருக்கு. நான் சொன்னதெல்லாம் தெரிஞ்சவருக்கு நான் எப்பிடி மாமியாரா இருக்க?"

அப்படி என்ன சொன்னாய் என்று ஆர்வத்தோடு கேட்டேன். அவள் என்னைப் பார்த்த பார்வையில் கட்டிலின் ஓரத்துக்கு நகர்ந்துகொண்டேன். இது சின்ன விஷயம், இப்போதே கேட்டுவிட்டு வருகிறேன் என்று மறுபடியும் மாடிப்படிக்குப் போனேன்.

இந்த ஊருக்கு, இந்தத் தவக்காலத்துக்குப் போனீர்களா, இல்லையா? ஒரு 'இல்லை' சொன்னால் கல்யாணம் நடக்கும் என்றேன். ஜெபதாஸ் மாட்டேன் என்றார். போயிருந்தாலும் சொல்ல மாட்டாராம், போகாவிட்டாலும் சொல்ல மாட்டாராம். எனக்குக் கோபம் வந்துவிட்டது. அங்கியைக் கழற்றியாயிற்று, இனி என்ன பாவசங்கீர்த்தன முத்திரை, என்ன ரகசியம் என்றேன்.

"அங்கியைத்தான் கழட்டினேன் டீச்சர். இன்னைக்கு இவங்களுக்கு 'இல்ல'ன்னு சொல்லிட்டா, நாளைக்கு இன்னொருத்தர் கேட்டு நான் சும்மா இருந்தா, அதுவே பதிலாயிடும். கல்யாணம் நின்னா நிக்கட்டும்."

கைக்குட்டையை எடுத்து மூன்றாக மடித்தார், பிரித்தார், மறுபடியும் மடித்தார். நின்றால் நிற்கட்டும் என்று சொல்வது அவருக்கு எவ்வளவு சிரமம் என்று அந்தக் கைக்குட்டையைப் பார்த்தால் தெரிந்தது.

உள்ளறைக்குத் திரும்புகிற பத்தடி தூரத்தில் என் வாயில் ஒரு பொய் தயாராகிவிட்டது. அந்தத் தவக்காலத்தில் அவர் நாசிக்கில் மஞ்சள் காமாலையோடு ஆஸ்பத்திரியில் இருந்தார் என்பது கதை. பத்தியம் போட்ட கன்னியாஸ்திரிக்குப் பெயர்கூட வைத்துவிட்டேன். நல்ல கதை, வீணாகப் போனதில் எனக்கு இன்னும் வருத்தம்தான். ஆனால் வாசற்படியைத் தாண்டும்போது, அவர் சொன்னது மட்டும், கூட்டாமல் குறைக்காமல், வாயிலிருந்து வந்தது.

சகாயமேரி நெடுநேரம் பையின் ஜிப்பையே இழுத்துக்கொண்டிருந்தாள்.

"கல்யாணம் நின்னாலும் சொல்ல மாட்டாராமா?"

"மாட்டாராம்."

"என்னட்டயே?"

"உன்கிட்டயும்தான்."

எழுந்து முகத்தைக் கழுவிக்கொண்டு வெளியே வந்தாள். மகளை எழுப்பி நிறுத்தினாள். பிறகு மாடிப்படியைப் பார்த்து, "சோறு ஆறிட்டு. வந்து சாப்பிடுங்க மாப்பிள்ளை" என்றாள். ஏழு தலைமுறை என்ன ஆயிற்று என்று நான் கேட்டதற்கு, அது வரும்போது பார்த்துக்கொள்ளலாம், நீ உன் வேலையைப் பார் என்று பதில் வந்தது.

ஆடம்பரம் கூடாது என்பது ரோம் மேலிடத்து நிபந்தனை. அதனால் ஒரு வேலைநாளில், காலை ஷிப்ட் பஸ்கள் போவதற்கு முன்னால், கோயிலின் பக்கத்துப் பீடத்தில் ஜெபதாஸ் சத்தமில்லாமல் தாலி கட்டினார். மேளம் இல்லை, பேனர் இல்லை. சாட்சிக் கையெழுத்துப் போட என்னைக் கூப்பிட்டார்கள். உண்மையைச் சொல்கிறேன் என்று நான் கையெழுத்துப் போட்டதைப் பார்த்துக் காந்திமதிக்கு இருமல் வந்தது.

திரும்பி நடந்து வரும்போதுதான் எனக்கு ஒன்று உறைத்தது. வாடகைக்கு வந்த நாள் முதல், சாயங்காலக் காபியோடு மாடிப்படியில் உட்கார்ந்து, மருமகளைப் பற்றி, நாத்தனார் நகையைப் பற்றி, பள்ளிக்கூட விழா நாடகத்தில் ராணி வேஷத்தை யாரிடமிருந்து எப்படிப் பிடுங்கினேன் என்பதைப் பற்றியெல்லாம் இவரிடம் சொல்லியிருக்கிறேனே, அந்த ரகசியமெல்லாம் பத்திரம்தானா என்று மெல்லக் கேட்டேன்.

"அது பாவசங்கீர்த்தனம் இல்லையே டீச்சர்," என்றார் ஜெபதாஸ். "அதுக்கெல்லாம் முத்திரை கிடையாது."

பின்னால் வந்த ஜெர்சி வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். பாதிக் கதை அவளுக்கு ஏற்கெனவே தெரியும் போலிருந்தது. இருவரும் அதே மாடியில்தான் இருக்கிறார்கள். சுற்றுவட்டாரத்தில் எல்லோரும் வாடகையை ஏற்றிவிட்டார்கள். எனக்கு மட்டும் இன்னும் தைரியம் வரவில்லை.